சுடாத கால்

டொக்டர் அம்மாவைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். அவர் கையில் தூண்டில் நூல் போல ஒரு நைலான் இழை இருந்தது. அதன் நுனியால் அம்மாவின் உள்ளங்காலை ஓர் இடத்தில் தொட்டு, "தெனெனவத அம்மே?" என்று கேட்டார். தெரியுதா என்று அர்த்தம். "ஓவ் மாத்தயா" என்றார் அம்மா, ஆமாம் ஐயா என்று. குதிகாலில் தொட்டார். ஓவ். பெருவிரலுக்கு அடியில் தொட்டார். ஓவ். பிறகு டொக்டர் இழையை மேசையில் வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு, எதையும் தொடாமல் அதே கேள்வியைக் கேட்டார். அதற்கும் ஓவ் மாத்தயா. முன்பைவிடக் கொஞ்சம் பணிவாகவே சொன்னார்.

டொக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். வேறு என்ன செய்வது?

மருந்து வரிசையில் நிற்கும்போது, ஏன் பொய் சொன்னீங்க என்று கேட்டேன். அம்மாவுக்கு அது பொய்யாகவே படவில்லை. "பெரிய மனுசன் குனிஞ்சு காலைத் தொட்டுக் கேக்குறாரு. தெரியலன்னு சொன்னா அவருக்கு ஒரு மாதிரியா இருக்காதா?" என்றார். ஐம்பத்தொன்பது வயதில் அம்மாவின் இரண்டு பாதங்களிலும் உணர்ச்சி போய்விட்டது என்பதை நான் இப்படித்தான் தெரிந்துகொண்டேன்.

அன்றைக்கு நாங்கள் கிளினிக் போனதே ஒரு சிரட்டைத் துண்டால்தான். அம்மா தோட்டத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் றப்பர் பால் வெட்டியவர். வேலையிலிருந்து நின்ற பிறகும் வீட்டில் இருக்க முடியாமல், பக்கத்துச் சிங்கள ஊரில் ஒருவருடைய முப்பது நாற்பது மரங்களுக்குப் பால் வெட்டப் போய்க்கொண்டிருந்தார். ஒரு நாள் மத்தியானம் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது, சிமெந்துத் தரையில் அடுப்படியிலிருந்து வாசல் வரைக்கும் ரத்தப் புள்ளிகள். பால் பிடிக்கிற சிரட்டை ஒன்று உடைந்து, அதன் துண்டு அம்மாவின் உள்ளங்காலில் ஏறியிருந்தது. அதோடு அவர் இரண்டு கட்டை, அதாவது இரண்டு மைல், நடந்து வந்து, சோறு ஆக்கி, துணியும் துவைத்திருக்கிறார். "அப்படியா? நான் பாக்கலையே" என்றார், பக்கத்து வீட்டுக் கோழியைப் பற்றிப் பேசுகிற மாதிரி.

சீனி வியாதி நரம்பைத் தின்றுவிட்டது, இனி வீட்டுக்குள்ளே கூடச் செருப்பில்லாமல் நடக்கக் கூடாது, சுடுதண்ணீரில் கால் வைக்கக் கூடாது, ஒரு கொப்புளம் வந்தாலும் அது புண்ணாகிக் காலையே எடுக்க வேண்டிவரலாம் என்று டொக்டர் சிங்களத்தில் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். அம்மா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். நான் மனதுக்குள் நாள் எண்ணினேன். ஏனென்றால் இன்னும் ஒரு மாதத்தில் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா. அதில் அம்மா தீ மிதிக்க வேண்டும்.

இந்தத் தீ மிதிப்புக்குக் காரணம் நான்தான். இன்னும் சரியாகச் சொன்னால், நான் படித்த மெய்யியல், அதாவது தத்துவம்.

பட்டம் வாங்கிவிட்டு ஐந்து வருஷம் வேலை இல்லாமல் வீட்டில் கிடந்தேன். அந்த நாட்களில் அம்மா ஒரு வெள்ளிக்கிழமை கோயிலில் நின்று, மகளுக்கு அரசாங்க வேலை கிடைத்தால் மூன்று வருஷம் தீ மிதிக்கிறேன் என்று நேர்ந்துவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வேலை கிடைத்தது. அந்த வருஷம் மிதித்தார், அடுத்த வருஷமும் மிதித்தார். அதற்குப் பிறகு தொற்று நோய்க்குப் பயந்து நாடே கதவைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்ததில் திருவிழா நின்றது. பிறகு பெட்ரோலும் இல்லை, காசும் இல்லை என்று ஒரு பொங்கலோடு முடித்தார்கள். பிறகு கோயில் கமிட்டிக்குள் சண்டை. இப்படியே மூன்றாவது வருஷத்து மிதிப்பு தள்ளித் தள்ளிப் போனது. அதற்கிடையில் அம்மாவுக்குச் சீனி வந்து, கால் மரத்தும் போயிற்று. இந்த வருஷம்தான் மறுபடியும் முழுத் திருவிழா. தீக்குழியும் உண்டு.

அம்மா மட்டும் தனியாக இப்படி நினைத்திருந்தால் பேசிப் பார்த்திருக்கலாம். ஆனால் என்னுடைய படிப்பைப் பற்றித் தோட்டம் முழுக்க ஒரு தப்பான எண்ணம் இருக்கிறது. அதற்குக் காரணம் என் நியமனக் கடிதம். எங்கள் பக்கம் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குத் தமிழ் ஆசிரியரை நியமிக்கிற கடிதம்கூடச் சிங்களத்தில்தான் வரும். அதை வாசிக்கக் கோயில் கமிட்டித் தலைவரிடம் கொண்டுபோனார் அம்மா. எனக்கு வாசிக்கத் தெரியாது என்று இல்லை. நான் வாசித்தால் நாலு பேருக்குக் கேட்காது, அதுதான் விஷயம். தலைவர் முன்பு கணக்கப்பிள்ளையாக இருந்தவர், சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. கோயில் வாசலில் நின்றுகொண்டு அவர் உரக்க வாசித்தார். கலைமாணிப் பட்டத்துக்குச் சிங்களத்தில் ஷாஸ்த்ரவேதி என்று பெயர். மெய்யியலுக்குத் தர்ஷனய. தலைவர் ஒரு நிமிஷம் நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றி, கூட்டத்துக்கு விளங்கப்படுத்தினார். புள்ள சாஸ்திரம் படிச்சிருக்கு, வேதம் படிச்சிருக்கு, தரிசனமும் படிச்சிருக்கு.

அன்றிலிருந்து நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. வீடு குடி போக நாள் பார்த்துத் தரச் சொல்வார்கள். கனவில் பாம்பு வந்தால் என்னிடம் வருவார்கள். இல்லை, நான் படித்தது மெய்யியல் என்று சொன்னால், மெய் என்றால் உடம்புதானே என்று முதுகுவலிக்கு வழி கேட்டவர்களும் உண்டு. கல்விக் காரியாலயமும் தன் பங்குக்கு, தர்ஷனய படித்தவள் சமயம் படிப்பிக்கட்டும் என்று முடிவு செய்து சைவநெறிப் பாடத்தை என் தலையில் கட்டியது. நாலு வருஷம் எதையும் சந்தேகப்படப் படித்துவிட்டு, இப்போது சந்தேகமில்லாமல் எழுதினால்தான் புள்ளி என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சமயம் வேறு, மெய்யியல் வேறு என்று நான் சொல்லாத ஆள் இல்லை. சமயம் நாலு பேர் கூடிச் செய்கிற காரியம், மெய்யியல் தனியாக உட்கார்ந்து படுகிற அவஸ்தை என்பேன். சமயத்தில் பதில் கையில் இருக்கிறது, மெய்யியலில் கேள்வி மட்டும்தான் இருக்கிறது என்பேன். அம்மாவிடம் இதை ஒரு தடவை சொன்னபோது, உளுந்து புடைத்துக்கொண்டிருந்தவர் நிமிரவே இல்லை. "கேள்விதான் நானும் ஆத்தாகிட்ட தெனம் கேக்குறேன். அவதான் வாயத் தொறக்க மாட்டேங்கிறா" என்றார். 

கிளினிக்கிலிருந்து திரும்பும் வழியில் எஹலியகொட டவுனில் இறங்கி, ஒரு முஸ்லிம் நானாவின் கடையில் அம்மாவுக்கு மெத்தென்ற செருப்பு ஒரு சோடி வாங்கினேன். நானாவின் தாய்க்கும் இதே வியாதியாம். கீழே உட்கார்ந்து அவரே அம்மாவின் காலில் மாட்டிவிட்டு, தினமும் பொழுதுபட உள்ளங்காலைக் கண்ணாடியில் பாருங்கம்மா என்று சொன்னார். அம்மா அவரை வாயார வாழ்த்தினார். தோட்டத்து வளைவில் பஸ் நின்றது. கோயில் கோபுரம் தெரிந்தது. அம்மா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். கோயில் இன்னும் கால் கட்டை தூரத்தில் இருக்கிறது என்றேன். ஆத்தாளுக்குத் தூரப் பார்வை நல்லா இருக்கு என்றார்.

அன்று சாயங்காலம் ஆரம்பித்தது எங்கள் சண்டை. இந்த வருஷம் தீ மிதிக்கப் போகக் கூடாது என்றேன். காரணத்தையும் சொன்னேன்.

"டொக்டர்தான சொன்னாரு, என் காலுக்குச் சுடாதுன்னு?"

"சுடாதுன்னு சொல்லல. சுட்டாத் தெரியாதுன்னு சொன்னாரு."

"ரெண்டும் ஒன்னுதான். மொத ரெண்டு வருசமும் சுட்டுச்சு, பொறுத்துக்கிட்டேன். இப்ப வயசாயிருச்சு, தாங்க மாட்டான்னு ஆத்தாளே காலை மரக்க வச்சிருக்கா. அது கூட ஒனக்கு வெளங்கல, நீ என்ன படிச்ச?"

 இதை எந்த முனையில் பிடிப்பது? கால் மரத்துப் போனதால் நெருப்பில் நடக்கக் கூடாது என்பது என் வாதம். கால் மரத்துப் போனதால்தான் நடக்க வேண்டும் என்பது அம்மாவின் வாதம். ஆதாரம் இரண்டு பேருக்கும் ஒன்றே. டொக்டரின் சீட்டைக்கூட அம்மா பத்திரமாகச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார்.

அடுத்தடுத்த நாட்களில் வேறு வேறு பக்கத்தால் வந்து பார்த்தேன். பிள்ளைக்கு வேலை கொடுத்துவிட்டு அதற்குக் கூலியாகத் தாயின் காலைக் கேட்கிறவள் என்ன தெய்வம் என்று கேட்டேன். அவள் கேட்கவில்லை, நான்தான் சொன்னேன், சொன்ன சொல்லை நிறைவேற்ற வேண்டாமா என்றார். கொடுத்த வாக்கை ஏன் காப்பாற்ற வேண்டும் என்று பக்கம் பக்கமாகப் பரீட்சையில் எழுதியவள் நான்.  வேலை ஆத்தாள் கொடுத்ததல்ல, பட்டதாரிகள் நாங்கள் வெயிலில் ரோட்டில் உட்கார்ந்து போராடி வாங்கியது என்றேன். ரோட்டில் உட்கார வைத்தது யார் என்று கேட்டார். ஒரு நாள் கத்தியே விட்டேன். அம்மா எழுந்துபோய், அக்கம்பக்கத்துக்குக் கேட்காமலிருக்க ரேடியோவைச் சத்தமாக வைத்துவிட்டு வந்து, சரி இப்ப கத்து என்றார்.

கடைசியில் தலைவரிடம் போனேன். அம்மாவின் பெயரைத் தீ மிதிக்கிறவர்களின் பட்டியலில் சேர்க்க வேண்டாம் என்று கேட்கத்தான் போனேன். அவர் வீட்டு வாசலில் கதிரை போட்டு, தேநீர் கொடுத்து, நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். அதற்குப் பிறகு, நம்பிக்கையோடு இறங்கினால் சுடாது டீச்சர் என்றார்.

நம்பிக்கையோடு இறங்கி, அப்படியும் சுட்டால் என்று கேட்டேன். அப்படியென்றால் நம்பிக்கை போதவில்லை. நம்பிக்கை நிறைய இருந்து, அப்படியும் சுட்டால்? அப்படியென்றால் எங்கேயோ தீட்டுப் பட்டிருக்கிறது. தீட்டும் இல்லை என்றால்? ஆத்தாள் சோதிக்கிறாள். நம்பிக்கை இல்லாதவன் இறங்கி, சுடாமல் போனால்? அவனையும் ஆத்தாள் தன் பக்கம் இழுக்கிறாள். தலைவரே, நீங்கள் சொல்கிறபடி பார்த்தால் என்ன நடந்தாலும் நீங்கள் சொன்னதுதான் சரி, தப்பு என்று காட்ட ஒரு வழியும் இல்லையே என்றேன். தலைவர் முகம் மலர்ந்துவிட்டது. "அதேதாங்க டீச்சர். படிச்சவங்க நீங்க, டக்குன்னு புடிச்சிட்டீங்க" என்றார்.

தேநீரை அங்கேயே வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். ஆனால் நல்ல மனிதர். வாசல் வரைக்கும் வந்து, அம்மாவை நிறுத்த என்னால் முடியாது, நேர்த்தியை நிறுத்த யாராலும் முடியாது, ஆனால் ரத்த சொந்தம் ஒருவர் அதை ஏற்று நடக்கலாம், அப்படிப் பலர் நடந்திருக்கிறார்கள் என்று சொன்னார். எங்கள் வீட்டில் ரத்த சொந்தம் என்று அம்மாவுக்கு நான் மட்டும்தான். அப்பா போய் ஒன்பது வருஷம் ஆகிறது.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் எனக்கு நானே கத்திக்கொண்டு வந்தேன். நம்பாத நான் நெருப்பில் நடப்பதா? நாளைக்கு அதையே ஆதாரமாகக் காட்டமாட்டார்களா? அப்புறம் அம்மாவின் கால் கண்ணுக்கு முன்னால் வந்தது. மரத்துப்போன கால் நெருப்பில் வேகமாகக்கூட நடக்காது. சுடுகிறது என்று தெரிந்தால்தானே ஓடுவதற்கு? அம்மா நின்று, கும்பிட்டு, நிதானமாக நடப்பார். கொள்கையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய, ஊறுகாய் போடவா?

நான் நடக்கிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா ஒரே பிடியாக மறுத்தார். நம்பாத நீ இறங்கினால் வெந்துபோவாய் என்றார். அன்று நான் என் படிப்பையெல்லாம் திரட்டி ஒரு வாதம் வைத்தேன். நேர்ந்துகொண்டது நீங்கள், சரி. ஆனால் யாருக்காக? எனக்காக. வேலையை அனுபவிக்கிறது யார்? நான். பலன் யாருக்கோ, கடமையும் அவருக்கே சேர வேண்டும். அதனால் நடக்க வேண்டியவள் நான், இவ்வளவு நாள் நீங்கள் நடந்ததுதான் தப்பு. அம்மா விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டார். மறுநாள் காலையில் அடுப்பு ஊதிக்கொண்டே, "சரி, நீயே நட" என்றார்.

எனக்கு ஒரே சந்தோஷம். நாலு வருஷப் படிப்பு முதல் தடவையாக வீட்டில் வேலை செய்திருக்கிறது. பஸ்ஸில் நின்றுகொண்டு போகும்போது அந்த வாதத்தை மறுபடி மறுபடி மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். எந்த ஓட்டையும் தெரியவில்லை.

காப்புக் கட்டினார்கள். கையில் மஞ்சள் கயிறோடு பத்து நாள். மாமிசம் இல்லை, கட்டில் இல்லை, வீட்டில் வெங்காயம்கூட இல்லை. பள்ளிக்கூடத்தில் அதிபர் என் கையைப் பார்த்துவிட்டு, இப்போதுதான் சமய டீச்சர் மாதிரி இருக்கிறீர்கள் என்றார். பிள்ளைகள் என் வகுப்பில் என்றைக்குமில்லாத அமைதியோடு இருந்தார்கள். வழியில் பார்த்த பெண்கள் என்னிடம் காலில் விழாத குறையாகப் பேசினார்கள். எல்லோருக்கும் ஒன்றைத்தான் சொல்ல நினைத்தேன். நான் அம்மாவின் காலுக்காக நடக்கிறேன், அம்மனுக்காக இல்லை. ஆனால் அதைச் சொன்னால், இரண்டும் ஒன்றுதானே டீச்சர் என்பார்கள். அதைக் கேட்க எனக்குத் தெம்பில்லை. அதனால் சிரித்து வைத்தேன்.

அம்மா அந்தப் பத்து நாளும் என்னைச் சுற்றியே இருந்தார். என் பாயை அவரே விரித்தார், எனக்கு முன்னால் எழுந்து தண்ணீர் எடுத்து வைத்தார். இரண்டு மூன்று தடவை என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஏதோ கேட்க வாயெடுத்து, கேட்காமல் போனார். தாய்தானே, பயமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

திருவிழா அன்று மழை வரும் என்று பார்த்தேன். வந்தால் குழி அணைந்து எல்லாம் முடிந்துவிடும். எங்கள் பக்கம் மழைக்குக் கேட்பானேன், துணி காயப் போட்டாலே வரும். அன்றைக்கு மட்டும் வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. பட்டுப்போன பழைய றப்பர் மரங்களை வெட்டிக் காலையிலிருந்தே எரித்திருந்தார்கள். பின்னேரம் மூன்று மணிக்குத் தணலைப் பரப்பினார்கள். இருபதடி இருக்கும். அதற்குப் பெயர் பூக்குழி. சுடுகிற ஒன்றுக்குப் பூ என்று பெயர் வைத்த ஆட்களோடு நான் எந்தக் காலத்தில் வாதாடி ஜெயிப்பது?

எனக்கென்று நான் ஒன்றைத் தயார்செய்து வைத்திருந்தேன். தணல் சூட்டைக் கடத்துவது மெதுவாகத்தான், மேலே சாம்பல் படிந்திருக்கும், ஒரு கால் ஒரு நொடிக்கு மேல் தங்காவிட்டால் தோல் வேகாது. ஒன்பது எட்டு வைத்தால் முடிந்தது. மேளம் காதைக் கிழித்துக்கொண்டிருந்தபோது நான் கண்ணை மூடி இதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற பெண் என் உதடு அசைவதைப் பார்த்துவிட்டு, என்ன மந்திரம் டீச்சர் என்று கேட்டாள்.

இறங்கினேன். முதல் நாலு எட்டு நான் படித்தபடியே இருந்தது. ஐந்தாவதில் சுட்டது. சும்மா இல்லை, உச்சந்தலை வரைக்கும் ஏறியது. ஆறாவதில் வலது காலின் விரலிடுக்கில் ஒரு கங்கு மாட்டிக்கொண்டது. அதோடுதான் மீதியை நடந்தேன். நடந்தேன் என்று சொல்வதும் சரியில்லை, பாய்ந்தேன். அம்மா என்று கத்தியும் இருக்கிறேன். அதைக் கூட்டம் அம்மனைக் கூப்பிட்டதாக எடுத்துக்கொண்டது. மறுமுனையில் சின்னக் குழியில் பாலும் தண்ணீரும் கலந்து ஊற்றியிருந்தார்கள். அதற்குள் இரண்டு காலையும் வைத்தபோது கண்ணில் தண்ணீர் கொட்டியது. தலைவர் மாலையைக் கொண்டுவந்து போட்டு, ஆத்தா டீச்சரைப் பூ மாதிரித் தாங்கிட்டா என்று மைக்கில் சொன்னார்.

அம்மா கொஞ்சம் தள்ளிச் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, என் காதருகே குனிந்து, "சுட்டுச்சா?" என்று கேட்டார்.

ஒரு மாதமாக அம்மாவுக்குப் பிடித்த மாதிரி ஒரு வார்த்தை நான் பேசவில்லை. இன்றைக்காவது பேசலாமே என்று தோன்றியது. கேள்விக்கு என்ன பதில் வேண்டுமோ அதைக் கொடுத்தேன். "இல்லம்மா. ஒன்னுமே தெரியல."

அம்மாவின் முகம் விழுந்துவிட்டது. சந்தோஷப்படுவார், கும்பிடுவார், எல்லோரிடமும் சொல்லுவார் என்றுதான் நினைத்தேன். அவர் சாக்கை மடித்து எடுத்துக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தார். நான் பின்னால் நொண்டாமல் நடக்கப் பாடுபட்டேன். சுடவில்லை என்று சொல்லிவிட்டேனே.

வீட்டுக்கு வந்ததும் அம்மா சாக்கை மூலையில் போட்டார். சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். பொழுது இன்னும் சாயவில்லை. கோயிலிலிருந்து மேளம் கேட்டுக்கொண்டிருந்தது. எனக்கு எரிச்சல் இரண்டு இடத்தில், காலிலும் மனதிலும். நடக்காதே என்றால் சண்டை பிடிக்கிறார், நான் நடந்தாலும் முகத்தைத் தூக்கிக்கொள்கிறார், இந்த மனுஷிக்கு என்னதான் வேண்டும்? பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டேன். எல்லாம் முடிஞ்சிருச்சு, மூணு வருஷமும் தீந்துபோச்சு, இன்னும் என்ன?

"தீரல" என்றார் அம்மா.

என்ன தீரவில்லை என்றேன்.

"எனக்கு ஆத்தா காலை மரக்க வச்சிட்டான்னு சொன்னேன்ல. நீ நடக்கிறேன்னு சொன்ன அன்னைக்கு ராத்திரி பூரா யோசிச்சேன். அது சரியில்லடி. சுடாதுன்னு தெரிஞ்சே நான் எறங்கினா, அது அவளை ஏமாத்துற வேல. வலிக்காத காலைக் குடுத்திட்டு நேர்த்தி தீந்துச்சுன்னு எப்படிச் சொல்றது? ஒனக்கு நம்பிக்கை இல்ல, ஒனக்குக் கட்டாயம் சுடும். அதான் சரின்னு சொன்னேன். பெத்த புள்ளைக்குச் சுடணும்னு நெனைக்கிறமேன்னு பத்து நாளா தூக்கமில்ல. இப்ப நீயும் சுடலங்கிற."

 பலன் யாருக்கோ கடமை அவருக்கே என்ற என் வாதத்தை அம்மா காதில்கூடப் போட்டுக்கொள்ளவில்லை. அவர் இருட்டில் படுத்துக்கொண்டு, தனக்கு வசதியாகக் கிடைத்த ஒரு விளக்கத்தைத் தானே கேள்வி கேட்டு, தானே உடைத்துப் போட்டிருக்கிறார். நான் என் வாதம் ஜெயித்துவிட்டது என்று பத்து நாளாக பஸ்ஸில் நின்றுகொண்டு நம்பிக்கொண்டிருந்திருக்கிறேன். யோசித்தது அவர், நம்பியது நான்.

"சுட்டுச்சும்மா" என்றேன்.

"சும்மா சொல்லாத."

"நெசமாம்மா. உசுரே போயிருச்சு."

நம்பவில்லை. எனக்காகச் சொல்ற என்றார். எனக்கு வலிக்கிறது என்பதை என்னைப் பெற்ற தாயிடம் நிரூபிக்க வேண்டியிருந்தது. தரையில் உட்கார்ந்து இரண்டு காலையும் அவர் மடியில் தூக்கி வைத்தேன். அம்மா கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். இடது காலில் பெரிதாக ஒன்றும் இல்லை. வலது காலில் குதிக்குப் பக்கத்தில் இரண்டு கொப்புளம். விரலிடுக்கில் தோல் வழன்று சிவப்பாக இருந்தது. அம்மா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என் இரண்டு பாதங்களையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். அழுகையோடு கோயில் இருக்கிற திக்கைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். கும்பிட்ட கையாலேயே என் முழங்காலில் ஓர் அடி போட்டு, அப்ப ஏண்டி பொய் சொன்ன என்றார். கிளினிக்கில் டொக்டரிடம் நீங்கள் ஏன் சொன்னீர்களோ அதற்குத்தான் என்று சொல்ல நினைத்தேன். 

அம்மாவின் புண்ணுக்குக் கொடுத்த களிம்பு மிச்சம் இருந்தது. அதை விரலில் எடுத்து எனக்குத் தடவினார்.

"எரியுதா?"

"எரியுதும்மா."

"எரியட்டும்" என்றார். சொல்லிவிட்டு, வாயைக் குவித்துக்கொண்டு, கொப்புளத்தின் மேல் மெல்ல ஊதினார்.